கம்ப்ரஷன் கேஜ்: எஞ்சினை இறக்கச் சொல்வதற்கு முன்

செல்ஃப் சுற்றுகிறது, பிளக்கில் கரண்ட் வருகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலும் இருக்கிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குப் பட்டறையில் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது மனப்பாடம்: "கம்ப்ரஷன் இல்ல சார், ரிங் போயிருக்கும். எஞ்சினை இறக்கணும்." அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால், பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். காற்று தள்ளுகிறதா என்பது விரலுக்குத் தெரியும். எந்த சிலிண்டர் எவ்வளவு குறைவு என்பது தெரியாது. அதற்குத்தான் கம்ப்ரஷன் கேஜ்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றின் முனையில் ரப்பர் கூம்பு. பிளக் ஓட்டையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் அழுத்திக்கொண்டிருக்க, கை கொஞ்சம் தளர்ந்தாலும் முள் இறங்கிவிடும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். ஹோஸின் முனையில் மரை உள்ள வகையை வாங்குங்கள். மாருதி 800-இன் பிளக்குக்கு 14 மி.மீ. மரை; பெட்டியில் வரும் அடாப்டர்களில் அது நிச்சயம் இருக்கும். நான் பயன்படுத்தியது ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சாதாரண செட்தான். டயல் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும், உள்வட்டத்தில் கிலோ கணக்கும் உண்டு. பித்தளை மரை சுத்தமாக இருந்தது. ஹோஸ்தான் விறைப்பு, மூன்றாவது சிலிண்டரில் முடுக்கும்போது மணிக்கட்டு வலித்தது.

ஹோஸின் முனைக்குள் ஒரு குட்டி வால்வு இருக்கும். ஒவ்வொரு அடியிலும் ஏறிய அழுத்தத்தைக் கீழே விடாமல் பிடித்து வைப்பது அதுதான். பார்க்க டயர் வால்வு போலவே இருக்கும், ஆனால் இதன் ஸ்பிரிங் மெல்லியது. பழுதானால் பஞ்சர் கடையில் டயர் வால்வு ஒன்றை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் நல்ல எஞ்சினையும் அந்த கேஜ் நோயாளி என்றுதான் காட்டும்.

சோதனைக்கு வந்த வண்டி கார்புரேட்டர் மாடல், 796 சி.சி., மூன்று சிலிண்டர். பல வருடம் கேஸில் ஓடியது. செல்ஃப் அடித்தபோதே சத்தத்தில் சந்தேகம் வந்தது. நல்ல எஞ்சின் ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் கொஞ்சம் திணறித்தான் சுற்றும். இது ஒரு இடத்தில் மட்டும் திணறி, மற்ற இடங்களில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அளக்கும் முறையில் சோம்பல்பட்டால் எண்கள் பொய்யாகிவிடும். மூன்று பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. காயிலுக்குப் போகும் கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தே பிடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே போக வேண்டிய காற்றே போகாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி போதும். எஞ்சின் சூட்டோடு அளப்பதுதான் முறை, ஆனால் ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்கு அந்த வசதி கிடையாது. ஊட்டியில் அளப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றே லேசு, அதனால் நல்ல எஞ்சினும் சமவெளியில் காட்டுவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும்.

முதல் சிலிண்டரில் 140. இரண்டாவதில் 70, மூன்றாவதில் 65. பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 120-க்கும் 180-க்கும் இடையில் நிற்கும். உங்கள் வண்டியின் சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நான் அதிகம் நம்புவேன். மலிவான டயல் பத்து பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் தப்பும்.

கடைசி எண்ணை மட்டும் குறித்துக்கொள்பவர்கள் பாதி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முள் ஏறும் விதத்தையும் பார்க்க வேண்டும். முதல் சிலிண்டரில் முதல் அடியிலேயே பாதிக்கு மேல் தாவி, பிறகு நிதானமாக ஏறியது. ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடியில் கொஞ்சம்தான் வரும், அடுத்தடுத்த அடிகளில் படிப்படியாக ஏறும். இரண்டிலும் மூன்றிலும் முள் தாழ்வாகத் தொடங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அது வால்வின் குணம்.

உறுதிப்படுத்த பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் வழியாகக் கசிந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து, எண் சட்டென்று ஏறும். இங்கே முள் அசைந்ததோடு சரி. ஆக ரிங் குற்றவாளி இல்லை, எஞ்சினை இறக்க வேண்டியதும் இல்லை. வாங்கிய காசு அந்த நிமிடமே வசூல்.

ஆனால் இதற்கு மேல் கேஜுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், நடுவில் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். கம்ப்ரஸர் இருக்கும் பட்டறையில், பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை ஏற்றி எங்கே சீறுகிறது என்று கேட்கலாம். கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங். எங்களிடம் கம்ப்ரஸர் இல்லை. அதனால் செலவில்லாத வழியாக வால்வு கவரைத் திறந்து டப்பெட் பார்த்தோம். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேஸில் ஓடும் வண்டியில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளி மறைந்துபோவது வழக்கம். அப்புறம் வால்வு முழுதாக மூடுவதே இல்லை.

டப்பெட் வைத்தபின் இரண்டாவது 125-க்கு வந்தது, மூன்றாவது 105-இல் நின்றது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஐடிலிங்கில் மட்டும் ஒரு நடுக்கம். மூன்றாவதின் வால்வு விளிம்பு கருகியிருக்கும். ஹெட்டைக் கழற்றி வால்வையும் சீட்டையும் சரிசெய்யும் வேலை ஒருநாள் வரத்தான் போகிறது.

வருடத்துக்கு ஒருமுறை பானெட் திறப்பவருக்கு இது தேவையில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர் ஒன்றை இரவலாவது வாங்கிச் செல்லலாம். பிளக் கழற்ற விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். டீசல் வண்டிக்கு மட்டும் இதை மாட்டிவிடாதீர்கள். அதன் கம்ப்ரஷன் 300-ஐத் தாண்டும், டயலே போய்விடும். அதற்கென்று தனி கேஜ் விற்கிறது.