சீன மருத்துவத்தில் சமநிலை: ஒரு திறனாய்வு

கறுப்பும் வெளுப்புமாய் இரு சரிபாதிகள் கொண்ட ஒரு வட்டம்; பாதிகள் ஒத்திருப்பின் நலம், ஒன்று மிஞ்சின் நோய். யின், யாங் என்றதும் நம்மில் பலர் கொள்ளும் கருத்து இதுவே. மூலநூலை ஊன்றிப் படிப்போர்க்கு இக்கருத்து நிலைபெறாது.

'மஞ்சள் பேரரசரின் அகநூல்' எனப் பொருள்படும் ஹுவாங்தி நெய்ஜிங், கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி உருப்பெற்றதென்பது அறிஞர் பலரின் துணிபு. பேரரசர் வினவ, சீ போ முதலானோர் விடையிறுக்கின்றனர். இதன் முற்பகுதியான சூவெனை வாங் பிங் என்பார் கி.பி. 762இல் செப்பனிட்டு உரை வகுத்தார். இந்நூலின் அருமையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஷாங் காலத்து எலும்புப் பொறிப்புகளில் அரசனின் பல்வலிக்கும் முன்னோரின் சினமே காரணமாக ஐயுறப்பட்டது. அகநூலோ நோயை இயற்கையின் ஒழுங்கிற்குள் கொணர்ந்து ஆராய்கிறது.

யின் என்பது தொடக்கத்தில் மலையின் நிழல்படும் பக்கம். யாங் வெயில்படும் பக்கம். பொழுது சாய, நிழலும் இடம் மாறும். எனவே இவை இரு பொருள்களல்ல. நன்மையும் தீமையும் அல்லவே அல்ல. ஒன்றை நோக்கி மற்றொன்று பெறும் நிலைகள் எனலாம். வயிற்றை நோக்க முதுகு யாங். அம்முதுகிற்குரிய உறுப்புகளுள்ளும் இருதயம் யாங்கினுள் யாங், நுரையீரல் யாங்கினுள் யின். வேனிலில் யாங்கையும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யின்னையும் பேணுக என்பது நூலின் நெறி. அஃதாவது, சரிபாதி என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்று நூல் கேட்கவில்லை.

ஆயின் இச்சமநிலை சமத்துவமும் அன்று. சூவெனின் 8ஆம் அதிகாரத்தில் இருதயம் அரசன், நுரையீரல் அமைச்சன், கல்லீரல் படைத்தலைவன். கி.மு. 221இல் ஒன்றிணைந்த பேரரசின் ஆட்சியமைப்பே உடலுக்குள் குடியேறிற்றென ஜெர்மானிய ஆய்வாளர் பவுல் உன்ஷுல்ட் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஹான் காலத்துத் தோங் ஜோங்ஷூவின் பெயரால் வழங்கும் நூல் கணவனை யாங், மனைவியை யின் என வகுத்து, யாங்கை உயர்த்தி யின்னைத் தாழ்த்துகிறது. சமநிலை என்னும் இனிய சொல்லைக் கையாள்வோர் இதனை மறத்தலாகாது.

மருத்துவர்களிடையேயும் உடன்பாடில்லை. மனித உடலில் இயல்பாகவே யாங் மிகுதி, யின் குறைவு என்றார் ஜூ ஜென்ஹெங் (1281–1358). யாங் மிகுதியன்று, அதுவே அரிது என மறுத்தார் ஜாங் ஜியேபின் (1563–1640). முன்னவர் வழி நின்றோர் யின்னை வளர்த்து உட்சூட்டைத் தணிக்க, பின்னவர் வெம்மையூட்டும் மருந்துகளை நாடினார். தராசில் நிறுத்துக் காட்டத்தக்க சமநிலையாயின் இவ்வழக்கு இத்துணைக் காலம் நீளுமா? எவ்விளைவுக்கும் பொருந்தும் விளக்கம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள இயலாது.

நோயாளரைச் சந்திக்கும் ஆயருக்கு மற்றொன்றும் உண்டு. நெறி தவறி மதுவிலும் இச்சையிலும் ஆற்றலை விரயமாக்கியதாலேயே இக்காலத்தார் 50 வயதில் தளர்கின்றனர் என்கிறது நூலின் முதல் அதிகாரம். யோபுவின் நண்பர் பேச்சும் ஏறத்தாழ இத்தகையதே. எனினும் காற்று, குளிர், ஈரம் ஆகியவை நெறி தவறாதவனையும் தாக்குமா என்னும் வினா அந்நூலின் பிற அதிகாரங்களில் எழாமல் இல்லை. முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வோர் அவற்றைக் காண்பதில்லை.