அருளும் உரிமையும்: பிரிட்டனின் அரசு ஓய்வூதியமும் பெண் எழுத்தாளர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில், நடுத்தர வகுப்புப் பெண்ணொருத்தி குடும்ப மதிப்பை இழக்காமல் பொருளீட்டுவதற்கு இருந்த வழிகள் மிகச் சில. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேலை ஒன்று, எழுத்து மற்றொன்று. எழுத்தால் புகழ் வந்தது. நிலையான வருவாய் வரவில்லை. கைச்செலவுக்குப் பணம் வேண்டியவர்கள் பதிப்புரிமையை ஒரே தொகைக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டனர். பின்னர் நூல் எத்தனை பதிப்புகள் கண்டாலும் அதன் பயன் அவர்களைச் சேரவில்லை. ஜேன் ஆஸ்டின் தமது ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை 1812இல் 110 பவுண்டுக்கு இவ்வாறே விற்றார். இத்தகைய சூழலில் எழுத்தாளர்களுக்கு அரசு அளித்த ஆண்டுத் தொகை பெண்களுக்கு எந்த அளவு துணையானது, எங்கே தவறியது என்பது ஆராயத்தக்கது.

அரசரின் குடும்பச் செலவுக்கும் அரச மதிப்பைப் பேணுவதற்கும் பாராளுமன்றம் அன்று ஒதுக்கிய நிதிக்குச் ‘சிவில் லிஸ்ட்’ என்று பெயர். அதிலிருந்து வேண்டியவர்களுக்கு வாரி வழங்கும் பழைய வழக்கம் கடும் கண்டனத்துக்கு உள்ளானதால், விக்டோரியா அரியணை ஏறிய 1837இல் இயற்றப்பட்ட சட்டம், ஓராண்டில் புதிதாக வழங்கும் ஓய்வூதியங்களின் மொத்தத் தொகை 1,200 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றும், அரசருக்கோ பொதுமக்களுக்கோ தொண்டு செய்தவர்களும் அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றில் சிறந்தவர்களுமே அதற்கு உரியவர்கள் என்றும் வரையறுத்தது. இங்கே ஓய்வூதியம் என்பது பணியிலிருந்து விலகியவர் பெறும் ஊதியமன்று. எழுதிக்கொண்டிருப்பவருக்கே ஆண்டுதோறும் கிடைத்த தொகை. வழங்குபவர் அரசர் எனினும், தேர்ந்தெடுத்தவர் பிரதமரே.

இம்முறையின் முதல் நன்மை அதன் தொடர்ச்சி. 1790இல் டேவிட் வில்லியம்ஸ் தொடங்கிய ‘லிட்டரரி ஃபண்டு’ என்னும் தனியார் அறநிதி வறிய எழுத்தாளர்களுக்கு உதவியது உண்மையே. ஆயினும் அந்த உதவி அவ்வப்போது கிடைத்த தனித்தனித் தொகையாக இருந்தமையால், துன்பம் மீண்டும் வரும்போதெல்லாம் மீண்டும் விண்ணப்பித்து, வறுமையை விரித்துரைத்து, பெரியோரின் பரிந்துரையைத் தேட வேண்டியிருந்தது. அரசு ஓய்வூதியமோ ஒருமுறை கிடைத்தால் அடுத்த ஆண்டைப் பற்றிய அச்சத்தைக் குறைத்தது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த அயர்லாந்துக் கவிஞர் ஃபிரான்சஸ் பிரவுன் 1863இல் பெற்ற ஆண்டுக்கு 100 பவுண்டு அத்தகையது. பெண்ணின் எழுத்தும் நாட்டுக்குச் செய்த பணி என்று அரசே ஏற்றது இரண்டாவது நன்மை. வாக்குரிமை இல்லாதிருந்தவர்களுக்கு இந்த ஏற்பு சிறிய செய்தியன்று.

எனினும் பகிர்வில் ஒழுங்கு இல்லை. ‘அவர் வில்லேஜ்’ என்னும் தொகுப்பால் நாடறிந்த மேரி ரஸல் மிட்ஃபோர்டுக்கு 1837இலும், ஏராளமான நாவல்களை எழுதிய மார்கரெட் ஆலிஃபன்டுக்கு 1868இலும் தலா 100 பவுண்டும், நாவலாசிரியர் டைனா முலாக்குக்கு 1864இல் 60 பவுண்டும் கிடைக்க, கவிஞர்களான வேர்ட்ஸ்வொர்த் 1842இல் 300 பவுண்டும் டென்னிசன் 1845இல் 200 பவுண்டும் பெற்றனர். வேர்ட்ஸ்வொர்த் ஒருவருக்கே ஓராண்டு ஒதுக்கீட்டின் கால்பங்கு சென்றது. இதை ஆண், பெண் வேற்றுமை என்று மட்டும் கூறிவிட இயலாது. நாவலாசிரியர் லேடி மார்கன் 1837இல் 300 பவுண்டு பெற்றார், அறிவியல் நூலாசிரியர் மேரி சாமர்வில்லின் தொகையும் 300ஆக உயர்த்தப்பட்டது. லேடி மார்கன் ஆளுங்கட்சியான விக் கட்சியாரோடு நெருங்கிப் பழகியவர் என்பதைக் கருதினால், எழுத்தின் தரத்தோடு பிரதமரை எட்டும் தொடர்பும் தொகையை முடிவு செய்ததில் பங்கு கொண்டது என்று கொள்ள இடமுண்டு. அளவுகோல் எழுதப்படாத இடத்தில் அறிமுகமே அளவுகோலாகிறது.

இதனினும் ஆழமான குறை, வறுமையின் வேரை இம்முறை தொடவில்லை என்பதே. மிட்ஃபோர்டின் தந்தை சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் குடும்பச் சொத்தை அழித்தவர். பத்து வயதில் மகளுக்கு லாட்டரியில் விழுந்த 20,000 பவுண்டும் அவ்வாறே கரைந்தது. மகள் ஓய்வாக எழுதுவதற்காகக் கிடைத்த தொகை தந்தையின் செலவுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 1842இல் தந்தை இறந்தபின் எஞ்சிய கடன்களைத் தீர்க்கப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. 1859இல் கணவரை இழந்த ஆலிஃபன்ட், தம் பிள்ளைகளோடு, நொடித்துப்போன அண்ணனின் குடும்பத்தையும் சுமந்தார். 100 பவுண்டு அச்சுமையைத் தாங்கப் போதாமையால், 1897இல் இறக்கும்வரை 90க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியும் அவருக்கு ஓய்வு வாய்க்கவில்லை. மணமான பெண்ணின் நிலை இன்னும் கடினமானது; அவள் ஈட்டியது சட்டப்படி கணவனுக்கு உரியது. எழுத்தாளர் கரோலைன் நார்ட்டன், பிரிந்து வாழ்ந்த கணவர் தம்முடைய எழுத்து வருவாய்க்கே உரிமை கோரியதை எதிர்த்து 1854இல் நூல் எழுதினார். உழைப்பின் ஊதியத்தைப் பெண்ணிடமிருந்து ஒரு கையால் பறித்துக்கொண்டு, மறு கையால் அருட்கொடை வழங்கும் அரசு முறையின் முரண் இங்கே வெளிப்படுகிறது. மணமான பெண்ணின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும் வந்த பின்னரே இந்நிலை மாறியது.

இம்முறைக்கு எதிரான வலுவான வாதத்தை முன்வைத்தவர் ஹாரியட் மார்ட்டினோ. பொருளாதாரத்தைக் கதைகளால் விளக்கிப் புகழ்பெற்ற அவர், நோயுற்றுப் படுக்கையில் இருந்த 1841இல் பிரதமர் மெல்போர்ன் அளிக்க முன்வந்த ஓய்வூதியத்தை மறுத்தார்; வாக்குரிமையற்ற மக்களின் வரிப்பணத்தில் வாழ்வது முறையன்று என்பதும், பெற்றுக்கொண்டால் அரசைக் குறைகூறும் உரிமை தளரும் என்பதும் அவர் கருத்து. பின்னர் 1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அளிக்க முன்வந்தபோதும் மறுத்தார். இம்மறுப்பு மதிக்கத்தக்கது, ஆயினும் அதைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. மார்ட்டினோவுக்கு 1843இல் நண்பர்கள் நிதி திரட்டித் தந்தனர். அத்தகைய நண்பர் கூட்டம் இல்லாத எழுத்தாளருக்குக் கொள்கையைக் காக்கும் வசதியும் இல்லை. அரசைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை அவர் சரியாகக் கண்டார். சாராமல் வாழ வழியற்றவரின் இடர் அவ்வாதத்தில் இடம்பெறவில்லை.

ஆகவே, தனி மனிதர்களை வறுமையிலிருந்து காத்த அளவில் இவ்வோய்வூதியம் பயனுள்ளது; பெண் எழுத்தாளரின் வறுமைக்குத் தீர்வு என்ற அளவில் அது குறையுடையது. குறை, பணம் கொடுத்ததில் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எதனால் என்பதை வெளிப்படையான விதியாக்காமல் அருளாகவே வைத்திருந்ததிலும், உழைப்பின் பயன் உழைத்தவளுக்கே உரியது என்னும் சட்டத்தைக் காலம் தாழ்த்தியதிலும் உள்ளது. எழுத்தாளருக்கு உதவ நினைக்கும் எந்த அரசும் முதலில் உறுதி செய்ய வேண்டியது எழுத்தின் மீதான உரிமையை. ஓய்வூதியம் அவ்வுரிமைக்குத் துணையாகலாமே தவிர, மாற்றாக முடியாது.