விரிவுறு மொழிகளும் இலக்கண அதிகாரமும்: ஒரு மதிப்பீடு

செய்நிரல் மொழியொன்றைப் பயன்படுத்துவோர் அதன் இலக்கணத்தையும் விரித்துக்கொள்ளலாம் என்ற கருத்து 1960களிலேயே ஆராயப்பட்டது. அவ்வுரிமைக்கு ஏற்ற இலக்கண வடிவம் எது என்பதே இன்றும் எஞ்சி நிற்கும் வினாவாகும்.

சொம்ஸ்கி 1950களில் வகுத்த சூழல் சாரா இலக்கணங்களுள் இரண்டை இணைப்பின், கிடைப்பதும் அவ்வகையினதே. எனினும், இணைப்பினால் அமைப்பு மயக்கம் தோன்றுமா என்பதை முன்கூட்டியே துணிதற்குப் பொதுவழி இல்லை என்பது 1962இல் நிறுவப்பட்டது. 'எனின்' இரண்டு அடுக்கிவர, 'அன்றேல்' ஒன்றே வருமாயின், அது எதனைச் சாரும் என்னும் சிக்கல் யாவரும் அறிந்ததே.

பிறையன் போர்ட் 2004இல் முன்வைத்த பகுப்புக் கோவை இலக்கணம் இம்மயக்கத்தை அறவே நீக்குவதாகக் கூறப்படுகிறது. அதில் தெரிவுகள் வரிசைப்படுத்தப்பட்டவை. முதலிற் பொருந்துவதே ஏற்கப்படும். இடைப்பேறுகளை நினைவகத்திற் பதிந்துகொண்டால், உள்ளீட்டின் நீளத்துக்கு நேர்விகிதமான காலத்திற் பகுப்பு முடியும். இவை மறுக்கவியலாத சிறப்புகள்.

ஆயினும், மயக்கம் இங்கே தீர்க்கப்படவில்லை. மறைக்கப்படுகின்றது என்பதே எமது கருத்து. 'எனின்' மட்டுமுள்ள குறுவடிவை முன்னும், 'அன்றேல்' சேர்ந்த நெடுவடிவை அதற்குப் பின்னும் வைத்தால், நெடுவடிவு ஒருபோதும் தெரிவுசெய்யப்படாது, எச்சரிக்கையும் எழாது. விரிவாக்கத்தில் இக்குறை பெரிதாகின்றது. புதுவிதியை இறுதியிற் சேர்த்தால் பழைய விதி அதனை விழுங்கலாம். முதலிற் சேர்த்தால் பழைய செய்நிரல்களின் பொருள் ஓசையின்றி மாறலாம். இத்தகைய இரு இலக்கணங்கள் ஒரே மொழியையே வரையறுக்கின்றனவா எனத் துணியும் பொதுவழி இல்லை என்பதைப் போர்டே நிறுவியுள்ளார்.

பைதன் மொழி 2020இல் வெளிவந்த 3.9ஆம் பதிப்பில் இவ்வகைப் பகுப்பியைக் கைக்கொண்டது. அதனாலேயே, 2021இல் 3.10ஆம் பதிப்பில் 'மட்ச்' என்ற சொல்லைச் சிறப்புச் சொல்லாகப் புகுத்தியபோதும், அதனை மாறியின் பெயராகக் கொண்ட பழைய செய்நிரல்கள் செல்லுபடியாயின. ஆனால் அங்கே விதிகளின் வரிசையை நிர்ணயித்தோர் ஒரு சிறு குழுவினர்; பலர் தனித்தனியே விரிக்கும் மொழியில் அவ்வொருமை இராது.

எனவே, வரிசையை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்குரியது என்பதை இலக்கணமே வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். மயக்கத்தை மறைக்கும் இலக்கணத்தினும், அதனைக் காட்டித் தீர்ப்பைப் பயன்படுத்துவோரிடம் விடும் இலக்கணமே விரிவுறு மொழிக்கு நேர்மையானது.