எந்தக் கை?

பிராட் பிட்டை உங்களுக்குத் தெரியும். இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு, மாலை வெயிலில் ஜரிகை இழை மாதிரி நூலைத் தலைக்கு மேல் சுழற்றுகிற பிராட் பிட்டை டி.வி.யில் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி 1992-ல் வந்த 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. ஒளிப்பதிவுக்காக பிலிப் ரூஸ்லோ ஆஸ்கர் வாங்கினார். கொடுத்தது நியாயம்தான். என் புகாரே அதுதான். படம் ரொம்ப அழகாக இருக்கிறது.

அதன் மூலக்கதை சுமார் நூறு பக்கம். எழுதிய நார்மன் மக்லீன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலப் பேராசிரியர். 1973-ல் ரிட்டயர் ஆனபின் எழுத உட்கார்ந்தார். நியூயார்க் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒருவருடைய குறை, கதைகளில் மரங்கள் இருக்கின்றன என்பது! கடைசியில் அவருடைய பல்கலைக்கழகத்து அச்சகமே 1976-ல் வெளியிட்டது. அதுவரை பாடநூலும் ஆராய்ச்சியும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாகப் போட்ட புதுப் புனைகதை இதுதான். ஆசிரியருக்கு வயது 73. அடுத்த வருஷம் புலிட்சர் நடுவர்கள் இதைச் சிபாரிசு செய்தார்கள். மேலிடமோ இந்த வருஷம் புனைவுக்குப் பரிசே கிடையாது என்று கைவிரித்துவிட்டது. உலகம் முழுக்க மேலிடங்கள் ஒன்றுதான்.

கதைக்குப் போகுமுன் ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது புரியாமல் அந்தக் கதை புரியாது. நம்ம ஊர் குளத்தங்கரையில் தூண்டில் போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? முள்ளில் மண்புழு, மேலே தக்கை, நரம்பில் ஒரு ஈயக் குண்டு. ஈயத்தின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறது. வீசிவிட்டு அவர் பீடி பற்றவைக்கலாம். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். முள்ளைச் சுற்றி இறகும் ரோமமும் நூலும் கட்டி, பூச்சி போலவே செய்திருப்பார்கள். அதற்கு எடையே கிடையாது. ஊதினால் பறந்துவிடும். அதனால் நூலே கனமாக இருக்கும். அந்தக் கனத்தைப் பின்னால் வீசி, அது முழுசாக நீளும்வரை பொறுத்து, முன்னால் வீச வேண்டும். அரை விநாடி அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கி, பூச்சி அறுந்து போகும். தாமதித்தால் பின்னால் இருக்கும் புதரில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனை பாடும் ட்ரவுட் என்ற ஒரு மீனுக்காக. குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும். ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, பாறைக்குப் பின்னால் நின்றபடி மிதந்து வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். ஒரு பூச்சிக்காக எவ்வளவு தூரம் நீந்தினால் கட்டுப்படியாகும் என்பதில் கணக்குப்பிள்ளை. போலிப் பூச்சி நிஜப் பூச்சியைவிடச் சற்று வேகமாக மிதந்தால்கூடத் தொடாது.

கதையில் அப்பா பிரஸ்பிடீரியன் பாதிரியார். இரண்டு பையன்களுக்கும் வேதாகமமும் தூண்டிலும் ஒரே கண்டிப்புடன் கற்றுத்தருகிறார். மெட்ரோனோம் வைத்து, நாலு எண்ணிக்கையில் கை வீசச் சொல்கிறார். (ஆதி தாளத்தில் பாதி.) மண்புழு போட்டு மீன் பிடிக்கிறவர்கள் அந்த வீட்டில் கிட்டத்தட்ட பாவிகள். மூத்தவன் நார்மன் ஒழுங்காகப் படித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். இளையவன் பால் பத்திரிகை நிருபர். குடி, சீட்டாட்டம், கடன், அடிதடி. ஆனால் ஆற்றில் இறங்கிவிட்டால் அவனுக்கு நிகர் கிடையாது.

அந்தக் குடும்பத்தில் யாரும் பாலிடம் நேரே எதையும் கேட்பதில்லை. அண்ணன் பணம் வேண்டுமா என்று சுற்றிவளைத்துக் கேட்டால், தம்பி மீன் பிடிக்கப் போகலாமா என்கிறான். போகிறார்கள். இதற்கு நடுவில் ஹாலிவுட் பக்கத்திலிருந்து ஊதாரி மச்சான் ஒருவன் லீவுக்கு வருகிறான். மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், திருந்துவான் என்று மாமியார் வீட்டில் நார்மன் தலையில் கட்டுகிறார்கள். மச்சான் காபி டப்பா நிறைய மண்புழுவோடும் ஊரறிந்த ஒரு பெண்ணோடும் ஆற்றங்கரைக்கு வருகிறான். அடுத்து நடப்பது நல்ல காமெடி. வெயிலில் யாருடைய எந்தப் பாகம் வெந்தது என்பதை இங்கே எழுத முடியாது. மச்சான் கதை எதற்கு என்று முதல் வாசிப்பில் தோன்றும். உதவி கேட்காதவனுக்கு எப்படி உதவுவது என்ற அதே கேள்விதான், இங்கே கோமாளி வேஷத்தில் வந்திருக்கிறது.

உதவி என்றால் என்ன என்று அப்பாவும் மூத்த மகனும் பேசுகிற ஒரு இடம் புத்தகத்தில் உண்டு. இரண்டு பேருக்கும் வார்த்தை சரியாக வரவில்லை. பாலின் பெயரைச் சொல்லாமலே அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். படத்தில் இதே விஷயத்தை அப்பாவின் கடைசிப் பிரசங்கமாக மாற்றிவிட்டார்கள். டாம் ஸ்கெரிட் பிரமாதமாகப் பேசுகிறார். சர்ச்சில் எல்லோரும் கேட்கிறார்கள், நமக்கும் கண் கலங்குகிறது. ஆனால் பிரசங்க மேடையில் ஏறியவுடன் அது பதில் ஆகிவிடுகிறது. புத்தகத்தில் அது கடைசிவரை திக்குகிற கேள்வி. அந்தத் திக்கலுக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

இன்னொரு மாற்றம். புத்தகத்தில் கதையின் முக்கிய நாட்கள் 1937 கோடை. நார்மன் ஏற்கெனவே குடும்பஸ்தன். படம் அதைச் சுமார் பத்து வருஷம் முன்னால் தள்ளி, அவனைப் பிரம்மச்சாரியாக்கி, ஒரு காதலையும் சேர்த்துவிட்டது. டிக்கெட் விற்க வேண்டுமே, புரிகிறது. ஆனால் முப்பது தாண்டிய ஒரு மனிதன் தன் முப்பது தாண்டிய தம்பியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது வேறு. இருபது வயசுப் பையன்களின் குறும்பு வேறு.

படத்தில் ஆறும் டூப்தான். கதை நடப்பது மொன்டானாவின் பிளாக்ஃபுட் ஆற்றில். படம் எடுக்கப் போனபோது சுரங்கமும் மரம் வெட்டும் கம்பெனிகளும் அதைச் சீரழித்திருந்தன. 1975-ல் ஆற்றின் தலைப்பகுதியில் மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் உடைந்து விஷம் இறங்கியது. எனவே கேலட்டின் போன்ற வேறு ஆறுகளில் படம் பிடித்தார்கள். பிராட் பிட்டுக்கும் அந்தப் பிரபலமான வீச்சுக் காட்சியில் டூப் உண்டு. வீசியவர் ஜேசன் போர்கர்.

ஆனால் படத்தால் ஒரு நல்லது நடந்தது. பிளாக்ஃபுட் மேல் உலகத்தின் கண் விழுந்தது. பண்ணையார்களும் மீன் பிடிப்பவர்களும் அரசாங்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கிளை ஓடைகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள். 2008-ல் ஆறு முடிகிற இடத்தில் நின்ற மில்டவுன் அணையையே உடைத்தார்கள். மொன்டானாக்காரர்களுக்கு இதில் ஏற்கெனவே ஒரு பிடிவாதம் உண்டு. பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் ஆற்றில் தானாகப் பிறந்து வளர்ந்த மீன்தான் குறைகிறது என்று கண்டு, 1974-ல் அப்படிப்பட்ட ஆறுகளில் குஞ்சு விடுவதையே நிறுத்தியவர்கள். அந்தக் 'காட்டு' மீன்களில் பாதி வெளியூர் என்பது வேடிக்கை. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையிலிருந்து வந்தது, பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து. நம்ம நீலகிரியில், அவலாஞ்சிப் பக்கம் ஓடுகிற ரெயின்போவும் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட அதே ஜாதிதான்.

படத்தின் முடிவில் ஒரு அறிவிப்பு வருகிறது. எந்த மீனும் சாகடிக்கப்படவில்லை, அந்தக் காலத்தில் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள், நீங்கள் திரும்ப ஆற்றில் விட்டுவிடுங்கள் என்று. நல்ல புத்திமதி. மூன்று தலைமுறைத் துக்கத்தைப் பார்த்துவிட்டு இதைப் படிக்கும்போது, இவர்கள் எடுத்தது எந்தக் கதை என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

கதை ஏன் இப்படிக் கனக்கிறது என்பதற்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. கதையில் பால் கொலையாவது மொன்டானாவில். நிஜமான பால் மக்லீன் 1938-ல் கொல்லப்பட்டது சிகாகோவில், ஒரு சந்தில். அண்ணன் இருக்கும் ஊருக்கே வந்து, அண்ணனுடைய பல்கலைக்கழகத்திலேயே செய்தித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொன்றவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நார்மனின் மகன் ஜான் மக்லீன் 2021-ல் எழுதிய 'ஹோம் வாட்டர்ஸ்' குடும்பத்தின் பக்கத்திலிருந்து இதைச் சொல்கிறது. மொன்டானாவின் ஆறுகளை விட்டு, சிகாகோவுக்கு, அண்ணன் பக்கத்துக்கு வந்த தம்பி. இதை நார்மன் தன் கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பத்தைந்து வருஷம் வாயே திறக்காமல் இருந்தவர், திறந்தபோதும் சிகாகோவை மட்டும் விட்டுவிட்டார். உதவ முடியாமல் போனது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, உதவக்கூடிய தூரத்தில் தம்பி இருந்ததை எழுத முடியவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி வாசிக்கலாம்.

புத்தகத்திலும் குறை உண்டு. பெண்கள் வருகிறார்கள், சமைக்கிறார்கள், கவலைப்படுகிறார்கள், போய்விடுகிறார்கள். சாவுச் செய்தி வந்ததும் அம்மா தன் அறைக்குள் போய்விடுகிறார். அதன்பின் மகனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள நூறு பக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

கேட்கிறவர் அப்பாதான். வேறு ஏதாவது தெரிந்ததா என்று மறுபடி மறுபடி கேட்கிறார். பையன் சண்டை போட்டுத்தான் செத்திருக்கிறான், கை எலும்புகள் அநேகமாக எல்லாமே நொறுங்கியிருந்தன என்கிறார் நார்மன். அப்பா கிட்டத்தட்ட வாசல்வரை போய், திரும்பி, எந்தக் கை என்று விசாரிக்கிறார்.

வலது கை. தாளம் போட்டு, நாலு எண்ணிக்கை சொல்லி, அவரே பழக்கிய கை.