குருவின் திவாலும் சீடனின் திவாலும்

1988 ஜூன் 27-ஆம் தேதி இரவு அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்தி, ஏறத்தாழ 2 கோடி டாலரைச் சம்பாதித்துக்கொண்டு கோதாவைவிட்டு இறங்கிய குத்துச்சண்டை வீரர் மைக் டைசன், 15 ஆண்டுகள் கழித்து, 2003 ஆகஸ்டில், சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் கடனோடு நியூயார்க் நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்தார்.

ஊதாரி என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். அவர் வளர்த்த வங்கப் புலிகளும், வைரம் இழைத்த ஒரு தங்கச் சங்கிலிக்காக நகைக்கடைக்கு வைத்திருந்த 1,73,706 டாலர் பாக்கியும் அதற்குச் சாட்சி சொல்லத்தான் செய்கின்றன. எனக்கென்னவோ, கதையின் முதல் முடிச்சு காட்ஸ்கில் என்ற சிற்றூரில் விழுந்ததாகவே தோன்றுகிறது.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்த சிறுவனை அங்கே வளர்த்து ஆளாக்கிய கஸ் டமாட்டோ, கைகள் இரண்டையும் கன்னத்தோடு அணைத்து, தலையை ஊசல்போல ஓயாமல் அசைத்து, எதிராளியின் குத்து காற்றிலே கழிகிற க்ஷணத்தில் உள்ளே புகுந்து அடிக்கும் வித்தையைப் போதித்தவர். பணத்தையோ திரணமாக மதித்து, 1971-இல் தாமே திவாலானவர். அந்த அலட்சியம் சீடனுக்கு வந்தது. கிழவரின் எளிய வாழ்வு வரவில்லை. 1985-இல் குரு காலமானார். மறு ஆண்டே, 20 வயதில், சீடன் உலகச் சாம்பியன்.

மாதச் சம்பளக்காரனுக்குப் பணம் வாய்க்கால் தண்ணீர். பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். குத்துச்சண்டைக்காரனுக்கோ ஆண்டில் இரண்டொரு இரவுகளில் காட்டாற்று வெள்ளமாக வருகிறது. மேனேஜரும் புரமோட்டரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலும் சர்க்காருடைய பணம் கலந்திருக்கிறது என்பதை அவன் உணர்வதற்குள், போன சண்டையின் வரியை அடுத்த சண்டையின் வரும்படியால் கட்டும் நிலை வந்துவிடுகிறது. டைசனின் கடனில் 1 கோடியே 34 லட்சம் டாலர் அமெரிக்க வருமான வரி பாக்கிதான். புலிக்கு இட்ட தீனியெல்லாம் அதற்குமுன் எம்மாத்திரம்! தம்மை ஏமாற்றிவிட்டதாகப் புரமோட்டர் டான் கிங்மீது 10 கோடி டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கும் 2004-இல் 1 கோடியே 40 லட்சத்துக்குச் சமரசமாக முடிந்தது.

ஆட்டத்திலும் இதே தளர்ச்சிதான். டமாட்டோவின் முறையை அறிந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988-இல் விலக்கியபின், ஓயாது அசைந்த அந்தத் தலை மெல்ல மெல்ல நிலைகுத்தி நின்றது. 1990-இல் டோக்கியோவில் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

2005 ஜூனில், 38 வயதில், கடனை அடைப்பதற்காகவே வாஷிங்டனில் கெவின் மக்பிரைடுடன் மோதிய டைசன், ஆறாவது சுற்று முடிந்து மூலையில் போட்டிருந்த முக்காலியில் போய் உட்கார்ந்தார். ஏழாவது சுற்றுக்கு அவர் எழுந்திருக்கவில்லை.