கேட்டவர் பெயர்

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. சுற்றத்தை இழத்தலும் இன்பம் பயக்கும் நுகர்ச்சியை இழத்தலும் அதன்பாற்படும் என்பர் உரையாசிரியர். இலங்கை வானொலியைக் குறித்து ஈழத்திலும் தமிழகத்திலும் கடல்கடந்த நாடுகளிலும் பெருகிவரும் நினைவுக் கட்டுரைகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், அவற்றுட் பெரும்பாலன பின்னைய இழவையே பேசி அமைவது புலனாகும். குரல் போயிற்று, காலைப் பாட்டுப் போயிற்று, இளமை போயிற்று என்பர். போனவர் யாவர் என்னும் வினா அவற்றுள் எழுவதில்லை.

அந்நுகர்ச்சி பொய்யன்று. 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் தோன்றிய அந்நிலையம், 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகளில் நல்லூழும் அதற்கு வாய்த்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை சுவைக்கேடு விளைப்பது எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாதவாறு செய்தார். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றும்வரை, சென்னையிற் பிறந்த பாட்டைச் சென்னையார் கொழும்பின் வாயிலாகக் கேட்க நேர்ந்தது. சுவையை ஆணையாற் காக்க முயல்வார்க்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

எனினும் நினைவுக் கட்டுரையாளர் அறிவிப்பாளரைப் புகழும் முறை குறையுடையது. எல்லாரையும் "இனிய குரல்" என்னும் ஒரே அடைமொழிக்குள் அடைத்துவிடுகின்றனர். எஸ். பி. மயில்வாகனத்தின் ஆற்றல் குரலில் மட்டும் இல்லை. இரு பாட்டுக்களுக்கு இடையே அவர் வைத்த சிறு சொல்லிலும், அச்சொல்லை உரிய இடத்தில் நிறுத்திய அளவறிவிலும் இருந்தது. கே. எஸ். ராசாவின் சிறப்பு விரைவு. அவ்விரைவிலும் எழுத்துச் சிதையாமை. இராசேசுவரி சண்முகம் நாடக நடிப்பில் தேர்ந்தவர். அப்துல் ஹமீத் ஒலிப்புத் திருத்தத்தில் கண்டிப்பு மிக்கவர். இவ்வேறுபாடுகளை ஆராயாது பாராட்டுவது பாராட்டாகாது. மேலும், வர்த்தக ஒலிபரப்பை மட்டும் நினைப்பவர், தேசிய ஒலிபரப்பில் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை நாடகமாக்கிய 'சானா'வின் "இலண்டன் கந்தையா"வை ஓரிரு வரியிற் கடந்துவிடுவர். ஈழத்தவர் தாமே இயற்றிய கலையினும் தமிழகத்து இசைத்தட்டே அவர்தம் நினைவில் மேம்பட்டு நிற்கின்றது!

இனி, இவ்வெழுத்துக்கள் தொடாத பகுதி ஒன்று உண்டு. நேயர் விருப்பத்திற்கு அஞ்சலட்டையில் பெயரும் ஊரும் எழுதியனுப்புவர். ஒரு பாட்டிற்கு முன் பல பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். நகரத்தார் இதனை வீண்பொழுது என்றனர். மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவை எண்ணிப்பார்த்தால் அதன் பொருள் விளங்கும். சிங்களம் பெரிதும் வழங்கும் ஊர் அது. ஆங்குத் தமிழ் பேசுவோர் சிறு தொகையினர். அத்தகைய ஊரின் பெயரும், ஆங்கு வாழும் ஒரு தமிழரின் பெயரும், பிழையற்ற தமிழொலியோடு கொழும்பிலிருந்து ஒருமுறை ஒலித்தல் சிறிய செய்தியன்று. மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோர்க்கோ அது மேலும் பெரிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வழித்தோன்றலரான தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத பெயர் நேயர் பட்டியலில் இடம்பெற்றது. பெயரை அழைக்குமுன் அறிவிப்பாளர் எவரிடமும் குடியுரிமைச் சான்று கேட்டிலர்.

அப்பெயர்கள் பின் என்னவாயின? 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் பாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்கள் அனைத்தும் முழுமையாக நிறைவேறவில்லையாயினும், பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. தலைமன்னாருக்குச் செல்லும் புகைவண்டியில் அண்ணன் ஒருபுறமும் அவனை வழியனுப்பும் தங்கை மறுபுறமுமாகப் பிரிந்தனர். உரையாசிரியர் கூறிய சுற்றத்தை இழத்தல் இதுவன்றோ? ஒரே அஞ்சலட்டையில் சேர்ந்து எழுதப்பட்ட பெயர்கள் கடலுக்கு இருமருங்கும் பிரிந்தமையை எழுதாத கட்டுரை, வானொலி நினைவை எழுதிற்று எனக் கொள்ளற்கில்லை.

சென்றவருட் பலர் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலையே பறித்தனர். இலங்கை வானொலி தமிழகத்திலும் கேட்டது. மாத்தளைத் தோட்டத்தில் தங்கியவரும் கோத்தகிரிக்குச் சென்றவரும் ஒரே குரலைக் கேட்டனர். 1996 வரை இரு நாட்டிற்கும் நேரம் ஒன்றேயாதலின், அறிவிப்பாளர் கூறிய மணி இரண்டு வீட்டுக் கடிகாரத்திற்கும் பொருந்தியிருந்தது.