மேற்கு வெயிலும் 100 கிலோவாட்டும்

நெற்குப்பையின் பழைய வீடொன்றில் வளவின் நிழலில் சிறிது நேரம் இருந்துவிட்டு, மேற்கே கண்ணாடி முகப்பு வைத்த புதிய அலுவலகம் எதிலேனும் மாலை நான்கு மணிக்கு நுழைந்து பாருங்கள். வேற்றுமை உடனே புலப்படும்.

காரணம் எளிது. மேற்கு வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் வீதம் விழுவதாகக் கொள்வோம். 10 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 4 கிலோவாட்டை, உள்ளே விடும். ஒரு டன் குளிர்சாதனம் வெளியேற்றும் வெப்பமோ 3.5 கிலோவாட்தான். ஆக, கண்ணாடியின் பிழையைத் திருத்தவே ஓர் இயந்திரம் போதாது!

தடித்த செங்கற்சுவரைக் கடக்க வெப்பத்திற்குப் பல மணி நேரம் ஆகும். வீட்டில் அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். மாலையில் பூட்டப்படும் அலுவலகத்திற்கோ அதுவே நன்மை. பழைய சுவர் வீட்டைவிட அலுவலகத்திற்கே பொருத்தம் எனலாம்.

2007இல் நடுவண் அரசு வெளியிட்டு, 2017இல் திருத்திய எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, சுவர்ப்பரப்பில் கண்ணாடி 40 விழுக்காட்டுக்குள் இருப்பதைப் பொது வரம்பாக வைத்தது. நல்ல விதிதான். ஆனால் 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ உள்ள பெரிய கட்டடங்களுக்கே அது பொருந்தியது. சிற்றூரின் வங்கிக் கிளையும் கடையும் தப்பிவிட்டன. நம் ஊர்களில் எழுபவை பெரும்பாலும் இவைதாமே? இவ்வெல்லையை மாநிலங்கள் குறைத்துக்கொள்ள 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அவ்வழியில் நடப்பதே முறை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? உங்கள் ஊரில் புதிய கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டும்போதே, கண்ணாடி எத்திசையில் வரப்போகிறது என்று கேளுங்கள். சுவர் எழும்பிய பின் கேட்டுப் பயனில்லை.